பதினேழாம் எண்ணுக்குக் கோஸ்

எங்கள் வடக்கத்தி ஆலை ஊரான ஹெதர்ஷாவில் இலை தின்னும் கூட்டம் ஒன்று இருந்தது. ஆடு மாடுகளைச் சொல்லவில்லை. தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிற பெண்களையும், ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சில ஆண்களையும் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் கொல்லைக்குப் போய் ஃபீவர்ஃபியூ செடியில் மூன்று இலை கிள்ளி, வெண்ணெய் தடவிய ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தின்பார்கள். சாமந்திக் குடும்பத்துச் செடி. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூக்கும், சுவர் இடுக்கில்கூட முளைக்கும், கசப்பு சொல்லி மாளாது. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கும் என்பது அவர்கள் கட்சி. அதோடு நிறுத்தியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூட்டுவலி, காதிரைச்சல், கணவனின் குறட்டை என்று பட்டியல் வருடா வருடம் நீண்டுகொண்டே போனது.

நான் வினிஃப்ரெட் அக்ராய்ட். 1984-இல் ஊர் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் இருபத்தாறு வருடம் முடித்திருந்தேன். மில்லிகிராம் பிசகாமல் நிறுத்து, பெயர் ஒட்டி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தால்தான் எனக்கு அது மருந்து. நாய் காலைத் தூக்கிவிட்டுப் போன செடியை உருவித் தின்பதை வைத்தியம் என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கூட்டத்தின் தலைவியே என் வீட்டுக்காரர் நார்மனின் தங்கை என்பதால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தத் தங்கை மேவிஸ் எட்டாம் எண் பஸ்ஸை ஓட்டினாள். ஊரில் பஸ் ஓட்டிய முதல் பெண். ஆரம்பத்தில் அவள் வண்டி வந்தால் ஆண்கள் ஏறாமல் அடுத்த வண்டிக்குக் காத்து நின்றார்கள். மழை வந்ததும் ஏறிக்கொண்டார்கள். ஹெதர்ஷாவில் மழைக்காக யாரும் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

அவளுக்கு இருபது வயதிலிருந்தே அந்தத் தலைவலி. முதலில் கண்ணில் வெளிச்சம் ரம்பப் பல் மாதிரி ஓடும். பிறகு பார்க்கிற பொருளில் எல்லாம் இடது பாதி காணாமல் போகும். அப்புறம் இரண்டு நாள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பக்கத்தில் வாளியோடு படுக்கை. இலை தின்ன ஆரம்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நான்கு வருடத்தில் வலி இரண்டே முறைதான் வந்தது என்று சொன்னாள். பச்சை இலை பட்டு வாய் நிறையப் புண்தான் மிச்சம் என்று நான் சொன்னேன்.

"ஆடு மாதிரி மேயுறியே, வெக்கமா இல்லையா உனக்கு?" என்பேன், என் சமையலறையில் வைத்தே.

"ஆட்டுக்குத் தலைவலி வந்து நீ பாத்திருக்கியா வின்னி?"

"ஆடு பஸ் ஓட்டியும்தான் பாத்ததில்ல."

அவள் சிரிப்பாள். நான் சிரிக்க மாட்டேன். எனக்கு அது வேடிக்கையாகவே இருக்கவில்லை.

அந்த வருடம் கோடையில் டெப்போவுக்குப் புது மேற்பார்வையாளர் வந்தான். கிராப்ட்ரீ என்று பெயர். வந்த கையோடு பழைய மருத்துவத் தாள்களைப் புரட்டியிருக்கிறான். மேவிஸின் தாளில் பழைய தலைவலிக் கதையெல்லாம் இருந்திருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டான். இவள் நேர்மையின் மறு உருவம் ஆயிற்றே, இலை தின்கிறேன், இப்போது வருவதில்லை என்றாள். அவன் சிரித்துவிட்டுச் சொன்னானாம்: இலை தலைவலியைத் தடுக்கிறது என்று ஒரு டாக்டரிடமிருந்து கடிதம் கொண்டுவா, இல்லாவிட்டால் வசந்தத்துக்குப் பிறகு ஸ்டியரிங் பக்கம் வராதே.

ஊர் டாக்டர்கள் யாரும் எழுதித் தரவில்லை. நான் டாக்டராக இருந்தாலும் தந்திருக்க மாட்டேன். அந்தச் சமயத்தில்தான் தெற்கிலிருந்து டாக்டர் லயனல் ஹார்க்கோர்ட் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். முப்பத்து மூன்று வயது, கழுத்தில் பட்டாம்பூச்சி டை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் சொல்ல வந்ததை டாக்டரே முந்திக்கொண்டு சொல்லி முடித்துவிடுவார், பெரும்பாலும் தப்பாக. தன் பெயரில் ஒரு கட்டுரை அச்சாக வேண்டும் என்பது அவருடைய தீராத தாகம். இலைக்கூட்டம் ஊரிலேயே ரெடியாக இருப்பதைக் கேட்டதும் அவர் கண்ணில் மின்னிய வெளிச்சத்தை நான் பார்த்தேன். இலையை ஆராய்ச்சி செய்யப் போவதாக அறிவித்தார்.

"இலை வெறும் நம்பிக்கை மிஸஸ் அக்ராய்ட். அத நான் எண்ணிக்கைல காட்டப் போறேன்," என்றார் என்னிடம்.

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். அவர் வாயிலிருந்து கேட்டபோது மட்டும் எரிச்சலாக இருந்தது.

மேவிஸ் சேர மாட்டேன் என்றாள். ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றாள். நான்தான் விடவில்லை.

"நாலு வருஷமா வாய் கிழியப் பேசினியே. நிரூபிச்சிட்டு வந்து பேசு," என்றேன். "நிரூபணம் ஆச்சுன்னா கடிதத்தையும் அவரே எழுதிக் குடுப்பாரு. வேற எவன் குடுப்பான் உனக்கு?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஏற்பாடு இதுதான். ஏற்கெனவே இலை தின்று பழகிய இருபத்து நான்கு பேர். அக்டோபரிலிருந்து மார்ச் வரை தோட்டத்து இலையைத் தொடக் கூடாது. தினம் காலையில் ஒரு கேப்ஸ்யூல். பாதிப் பேருடையதில் காய்ந்த ஃபீவர்ஃபியூ பொடி, மீதிப் பேருடையதில் காய்ந்த முட்டைக்கோஸ் பொடி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியக் கூடாது. இரண்டு பேர் கண்ணையும் கட்டிவிட்டு ஆடுகிற கண்ணாமூச்சி. யாராவது ஒருத்தர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டுமே, அது நான்.

கேப்ஸ்யூல்களை நான்தான் நிரப்பினேன். துளை போட்ட பலகையில் கூடுகளை நட்டு, பொடியைத் தேய்த்து இறக்கி, மூடியை அழுத்த வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம். விரல் நுனியெல்லாம் பச்சை. கோஸ் குப்பிகளில் இலை வாசனை வர வேண்டும் என்பதற்காக மூடிக்கு அடியில் சிறு துணிப்பொட்டலத்தில் இலையைக் கட்டித் தொங்கவிட்டேன். அது என் யோசனை. டாக்டர் என்னைப் பாராட்டினார், நானும் வெட்கமில்லாமல் பூரித்தேன். எந்த எண்ணுக்கு எது என்று தீர்மானிக்க நாணயம் சுண்டினேன். தலை விழுந்தால் இலை, பூ விழுந்தால் கோஸ். பட்டியலை உறையில் போட்டு அரக்கு வைத்து, விஷ மருந்து அலமாரியில் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

வந்த வரிசைப்படி குப்பி கொடுத்தோம். மேவிஸ் வேலை முடிந்து தாமதமாக ஓடி வந்தாள். அவள் கைக்குப் போனது பதினேழாம் எண். பதினேழுக்குப் பூ விழுந்திருந்தது. நான் குப்பியை நீட்டினேன், அவள் வாங்கிக்கொண்டாள்.

என் நாத்தனாரும் இதில் இருக்கிறாள் என்று டாக்டரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எங்கள் ஊர் வியாதி அது. தலைவலியைவிடப் பழைய வியாதி.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் ஒருவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'மோசமில்லை' என்பான். தறியில் விரல் போனவனும் அதையேதான் சொல்வான். என் மாமனார் சாகக் கிடந்தபோது பாதிரியார் வந்து விசாரித்தார். "மோசமில்லை, நன்றி, நீங்க எப்படி?" என்றார் மனுஷன். மறுநாள் ஆள் இல்லை. வெளியாட்களுக்கு, டாக்டருக்கு, பாதிரியாருக்கு எல்லாம் அந்த ஒரே பதில்தான். உண்மையைச் சொல்வது சமையலறை மேஜையில் மட்டும், அதுவும் சொந்தக்காரர்களிடம் மட்டும். மேவிஸ் எனக்குச் சொல்வாள். "தலைக்குள்ள எவனோ பீரோவ இழுத்து இழுத்துப் போடறான் வின்னி" என்று என் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

ஹார்க்கோர்ட் தெற்கத்திக்காரர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாள்குறிப்புப் புத்தகம் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு கேள்வி: 'இன்று உங்கள் தலை எப்படி இருந்தது?' பதில் எழுத ஒரே ஒரு கோடு. கீழே, பக்கத்தின் மீதிப் பாதியில், 'வேறு ஏதேனும்' என்று வெற்றிடம். வாய்ப்புண், வயிற்றுக்கோளாறு எழுதுவதற்காம். மேல் கோட்டில் எழுதியதை மட்டும் எண்ணாக்க வேண்டும். நன்று என்றால் பூஜ்யம், மோசமில்லை என்றால் ஒன்று, மோசம் இரண்டு, மிக மோசம் மூன்று.

முதல் வாரத்துப் பக்கங்கள் வந்தபோதே நான் பார்த்துவிட்டேன். இருபத்து நான்கு பேரும் ஏழு நாளும் மோசமில்லை, மோசமில்லை, மோசமில்லை. ஒரே ஒரு பெண் மட்டும் 'மோசமில்லை, மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தாள். மருந்தகத்தில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். டாக்டரிடம் போய், ஐயா, எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டால் பிணம்கூட இதைத்தான் சொல்லும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இலைக்கூட்டம் தன் வாயாலேயே கெடட்டும் என்று இருந்துவிட்டேன். அவ்வளவு கெட்ட எண்ணம் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லி என்ன பயன்.

டாக்டரின் உதவியாளர் பிரசவத்துக்குப் போய்விட, எண்ணுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. ரகசியப் பட்டியலை வைத்திருப்பவளிடமே எண்ணும் வேலையைக் கொடுக்கக் கூடாது. அது அவருக்கும் தெரியும். வேறு ஆள் கிடைக்கவில்லை, கட்டுரைக்கோ அவசரம். கீழ்ப்பாதியில் கண் போகக் கூடாது என்று நான் ஒரு மர அளவுகோலை எடுத்து மேல் கோட்டுக்குக் கீழே குறுக்காக வைத்துக்கொண்டேன். மேல் கோட்டைப் படிப்பது, எண் போடுவது, பக்கத்தைத் திருப்புவது. அதை நான் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மேவிஸுக்கு நவம்பரிலேயே தலைவலி திரும்பிவிட்டது. எனக்குத் தெரியும். நார்மனுக்கும் தெரியும், அவர்கள் தெருவுக்கே தெரியும், பட்டப்பகலில் மாடித் திரைச்சீலை மூடியிருந்ததே. தலை கனக்கும்போதே டெப்போவுக்குச் சொல்லி அனுப்பி லீவு போட்டுவிடுவாள். ஓட்டக் கூடாத நாளில் அவள் ஓட்டியதில்லை. ஆனால் பிப்ரவரி நடுவில் ஒரு நாள் அது சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. பார்சன் ஏற்றத்தில், முப்பத்தொரு பேரோடு.

மறுநாள் மாலை என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். தேநீரைத் தொடவில்லை.

"எதிர்ல பால் வண்டி வந்துச்சு வின்னி. பாதி வண்டிதான் வந்துச்சு. மிச்சப் பாதி எங்கடான்னு பாக்கறேன், ரோட்லயும் பாதியக் காணும். பிரேக்கப் போட்டேன். எல்லாரும் கொஞ்சம் எறங்கிக்குங்க, மன்னிக்கணும்னு சொன்னேன். சொவத்துக்கு அந்தப் பக்கம் போயி வாந்தி எடுத்தேன். ஒரு கெழவி வந்து பெப்பர்மின்ட் குடுத்து எப்படிம்மா இருக்குன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"மோசமில்லன்னேன்." லேசாகச் சிரித்தாள். "கிராப்ட்ரீ வண்டியப் புடுங்கிட்டான். கடிதம் வந்தா பாப்போம்ங்கறான்."

நார்மன் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மேவிஸ் என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு எது குடுத்திருக்கன்னு கேக்க மாட்டேன். அது தப்புன்னு தெரியும். நிறுத்திட்டு என் எலைக்கே போயிடட்டுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு. உனக்குத் தெரியும்ல."

யார் வேண்டுமானாலும் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்புதல் தாளிலேயே அச்சடித்திருந்தது. பொடி எழுத்தில், நானே மடித்து உறையில் போட்ட தாள்.

"இன்னும் ஆறு வாரம்தான்," என்றேன். "பாதியில நிறுத்தினா கடிதம் எப்படிக் கெடைக்கும்? ஒழுங்கா முடி."

"சரி. நீ சொன்னா சரி," என்றாள்.

அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் முதல் வாரம் வெளிநோயாளிகள் கூடத்தில் கூட்டம். தேநீர், பிஸ்கட், வளைத்துப் போட்ட நாற்காலிகள். இலைக்கூட்டம் மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தது. மேவிஸ் இரண்டாம் வரிசையில் டெப்போ கோட்டை நன்றாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை அப்படியே வாங்கிக்கொண்டு கிராப்ட்ரீயிடம் போகிற திட்டம். ஹார்க்கோர்ட் புது டை கட்டியிருந்தார். நான் உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரக்கை உடைத்து, நான் எண்ணிக் கொடுத்த தாளோடு ஒப்பிட்டு, கரும்பலகையில் இரண்டு பக்கத்துச் சராசரியையும் எழுதினார். இலை தின்றவர்கள்: ஒன்று. கோஸ் தின்றவர்கள்: ஒன்று.

"ஆக, இலையும் முட்டைக்கோஸும் ஒண்ணுதான்," என்றார். "நீங்க இத்தன வருஷமா தின்னது சாலட்."

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கைதட்டினார்கள். "ரொம்ப நல்லா வெளக்குனீங்க டாக்டர்" என்று ஒரு அம்மாள் வேறு சொன்னாள். அந்த அம்மாள் மூன்று மாதம் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கிடந்தவள். மூதேவிகள், என்று மனசுக்குள் திட்டினேன்.

மேவிஸ் எழுந்தாள். "அப்ப என் கடிதம் டாக்டர்? டெப்போவுக்கு?"

ஹார்க்கோர்ட் பட்டியலைப் பார்த்தார். "பதினேழு. எப்படிம்மா எழுதறது? நீங்க ஆறு மாசம் சாப்பிட்டது கோஸ். அதுல ஒரு நாள்கூட நீங்க மோசம்னு எழுதலயே. எல்லா நாளும் மோசமில்லதான். இலை இல்லாமலேயே நல்லா இருந்திருக்கீங்க. இத விட வேற என்ன நிரூபணம் வேணும்?"

 கோஸ் என்ற சொல் மேவிஸுக்குள் போய்ச் சேர்வதைப் பார்த்தேன். பிறகு அவள் தலை மெதுவாகத் திரும்பி, சுவரோரம் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தது. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை. கேள்வி மாதிரி ஏதோ இருந்தது.

என் கால் எப்படி மேஜைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. நாள்குறிப்புகள் அங்கே அடுக்கியிருந்தன. பதினேழாம் எண்ணை உருவினேன்.

"டாக்டர், நீங்க எண்ணச் சொன்னது மேல் பாதி," என்றேன். "கீழ் பாதிய யாரும் படிக்கல. நானும் படிக்கல. இப்ப படிக்கறேன்."

"மிஸஸ் அக்ராய்ட், விதிமுறைப்படி..."

"உக்காருங்க," என்றேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு டாக்டரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்துவிட்டார்.

உரக்கப் படித்தேன். "நவம்பர் ஒன்பது. மோசமில்லை. கீழே: திரைச்சீலை இழுத்துப் படுத்தாச்சு. வாளி இரண்டு தடவை. எர்னி முட்டை பொரித்தான், வாசனை தாங்காமல் அழுதேன்." எர்னி அவள் புருஷன். பின்வரிசையில் அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"டிசம்பர் இருபத்தஞ்சு. மோசமில்லை. கீழே: வான்கோழியை வெட்டும்போது எர்னியின் இடது பாதியைக் காணவில்லை. மாடிக்குப் போய்விட்டேன். எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள், பாவம்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறுத்திக்கொண்டார்கள்.

"பிப்ரவரி பதினாலு. மோசமில்லை. கீழே: ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். முப்பத்தொரு பேர். யாருக்கும் ஒன்றுமில்லை, கடவுளுக்கு நன்றி. வண்டியை எடுத்துக்கொண்டார்கள்."

பக்கத்தைத் திருப்பினேன். வேகத்தில் இருந்தேன், முன்னால் பார்த்துக்கொள்ளவில்லை. "பிப்ரவரி பதினஞ்சு. மோசமில்லை. கீழே: வின்னியிடம் கேட்டேன். நிறுத்தாதே என்றாள். அவளுக்குத் தெரியும். அவள் என்னைக் கெடுக்க மாட்டாள்."

அந்தக் கடைசி வரியைப் படிக்காமல் விழுங்கியிருக்கலாம். ஏற்கெனவே போதுமான அளவு மறைத்தாயிற்று என்றுதான் படித்தேன்.  

பிறகு பின்வரிசையில் ஓய்வு பெற்ற நெசவாளர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "என் புத்தகத்துலயும் கீழ பாருங்கம்மா. ஆறாம் நம்பர். ஜனவரில மூணு நாள் மாடிப்படியிலயே படுத்துக் கெடந்தேன். ஏற முடியல."

"மேல என்ன எழுதுனீங்க?" என்று கேட்டார் ஹார்க்கோர்ட். முகம் வெளுத்திருந்தது.

"மோசமில்லன்னு."

"அது ஏன்யா அப்படி எழுதணும்?"

"செத்துடலயே டாக்டர்."

அதற்கப்புறம் ஆளாளுக்குத் தங்கள் எண்ணைச் சொன்னார்கள். மரியாதையாக, ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. பதினொன்று கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டது. இருபத்து மூன்று பேத்தியின் கல்யாணத்துக்குப் போகவில்லை. இன்னொரு பக்கம் நாலாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் கீழே எழுத ஒன்றுமே இல்லாமல் பூச்செடி பற்றியும் நாய்க்குட்டி பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஹார்க்கோர்ட் பட்டியலைப் பார்ப்பதும் அவர்களைப் பார்ப்பதுமாக இருந்தார். "ஒங்ககிட்ட கேட்டேனே, ஒருத்தராவது சொல்லக் கூடாதா?" என்றார். குரல் கெஞ்சியது.

"தலை எப்படின்னுதான கேட்டீங்க," என்றார் நெசவாளர். "நாள் எப்படிப் போச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே."

வாசல் படியில் மேவிஸைப் பிடித்தேன். எர்னி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

"கோஸ்னு உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"குப்பியக் குடுக்கும்போதே."

"நான் ஒன் கையப் புடிச்சுக் கேட்ட அன்னிக்கு?"

"அன்னிக்கும் தெரியும்."

அவள் தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டாள். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். "சரி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நாள்குறிப்புகளின் கீழ்ப்பாதியை, யார் எதைத் தின்றார்கள் என்று தெரியாத வேறு ஊர் ஆட்களிடம் கொடுத்து எண்ண வைத்தார்கள். படுக்கையில் கிடந்த நாள், வாளி, திரைச்சீலை எல்லாவற்றையும். கோஸ் தின்றவர்கள் பக்கம் ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது. இலையை வெறும் நம்பிக்கை என்று நிரூபிக்கக் கிளம்பிய மகான், அதே இலைக்குச் சாதகமாகக் கட்டுரை எழுதி அச்சேற்றினார். முதல்நாளிலிருந்தே சந்தேகித்ததாக ஒரு வரியும் சேர்த்திருந்தார். நோயாளிகளின் 'வட்டாரப் பேச்சு அடக்கம்' பற்றி அடிக்குறிப்பு. கடைசியில் மருந்தகத்தின் 'அயராத நேர்மைக்கு' நன்றி. அந்த நன்றியைப் படித்தபோது கட்டுரையைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது. அடுத்த மாதமே தெற்கில் பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய நாற்காலி கிடைத்துப் போய்விட்டார்.

போவதற்கு முன் கடிதத்தை எழுதிக் கொடுத்தார், அதை மறுக்கக் கூடாது. நல்ல கடிதம்தான், இரண்டு பக்கம். கிராப்ட்ரீ முழுக்கப் படித்தானாம். "காகிதம் பிரமாதமா இருக்கு மேவிஸ். ஆனா மேட்டுல நின்ன வண்டியும் பதிவுல இருக்கே. முப்பத்தொரு பேரு. இனிமே எவன் கையெழுத்துப் போடுவான்?" என்றானாம். தடுப்பு இலை கையில் இருந்தவளை ஆறு மாதம் கோஸ் தின்ன வைத்து, அந்தக் கோஸால் வந்த வலியை வைத்தே அவளை இறக்கிவிட்டார்கள். அவர்கள் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

அவளுக்கு டெப்போவில் பஸ் கழுவும் வேலை கொடுத்தார்கள். காலையில் மறுபடி மூன்று இலை. வலி வருவதில்லை என்று நார்மன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தார். என் சமையலறை மேஜையில் யாரும் நெற்றியை வைத்துப் படுப்பதில்லை. மருந்தகத்தின் பின்சுவர் இடுக்கில் ஒரு ஃபீவர்ஃபியூ தானாக முளைத்திருந்தது. முன்பென்றால் பிடுங்கி எறிந்திருப்பேன். இப்போது தினம் அதைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

செப்டம்பரில் ஒரு நாள் துணிந்து டெப்போவுக்குப் போனேன். ரப்பர் பூட்ஸும் நீளப் பிரஷுமாக எட்டாம் எண் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை மற்ற கண்ணாடிகளைவிட அதிக நேரம் துடைத்தாள். வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பிரஷைச் சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. என்னையும் அறியாமல் அந்தப் பாழாய்ப்போன கேள்விதான் வந்தது.

"தலை எப்படி இருக்கு மேவிஸ்?"

அவள் புன்னகை செய்தாள். பாதிரியாருக்குச் செய்கிற புன்னகை, ஹார்க்கோர்ட்டுக்குச் செய்த புன்னகை.

"மோசமில்ல, நன்றி," என்றாள். "நீங்க எப்படி இருக்கீங்க?"